பொற்கையும் ரப்பர் பாதமும்

இரவில் நகர்வலம் போன பாண்டியன் ஒருவன், கணவன் ஊரில் இல்லாத வீட்டின் கதவைத் தட்டியதற்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட கதை நமக்குத் தெரிந்ததுதான். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதைகளில் அதுவும் ஒன்று. போன கைக்குப் பதிலாகப் பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்டதால் அவன் பொற்கைப் பாண்டியன் ஆனான் என்பார்கள். கதை அரசனின் நீதியைப் பற்றியது. ஆனாலும் விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டுக்குக் கீழே ஓர் ஆளின் கை ஏறக்குறைய 400 கிராம் இருக்கும். அதே பருமனில் கெட்டிப் பொன்னை வார்த்தால் ஏழு கிலோவாவது வரும். அதை எதைக் கொண்டு கட்டினார்கள், வெட்டுப்பட்ட இடம் புண்ணாகாமல் இருந்ததா, படுக்கும்போது கழற்றி வைத்தானா என்று கதை கேட்கும் யாரும் கேட்பதில்லை.

இன்றைக்கும் நாம் கேட்பதில்லை. செயற்கைக் கால், செயற்கைக் கை என்றதும் நம் ஊரில் இரண்டு பேச்சு எழும். ஒன்று, “ஐயோ, வாழ்க்கையே போச்சே.” மற்றது, “அதனால என்ன, இப்பதான் எல்லாம் வந்திடுச்சே, மாட்டிக்கிட்டு ஒலிம்பிக்ஸ்லயே ஓடுறாங்களே.” முதலாவது இரக்கம், இரண்டாவது வியப்பு. இரண்டும் தவறுவது ஒரே இடத்தில்தான். இரண்டுமே கருவியைப் பார்க்கின்றன. கருவியும் உடம்பும் சேரும் இடத்தைப் பார்ப்பதில்லை. செயற்கை உறுப்போடு வாழ்கிறவரின் நாள் பெரும்பாலும் கழிவது அந்தச் சாண் அகலத்துக்குள்தான்.

காலை எடுத்தபின் மிஞ்சும் பகுதியை மருத்துவமனைகளில் ‘ஸ்டம்ப்’ என்பார்கள். அதன்மேல் உறைபோல் மாட்டுவது சாக்கெட். நம் உள்ளங்காலில் தடித்த தோலும் அதற்கடியில் கொழுப்பு மெத்தையும் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து பாரம் சுமக்கவே அமைந்த இடம் அது. கெண்டைக்கால் தோலுக்கு அப்படி ஒரு பயிற்சியும் இல்லை. வெட்டிய எலும்பின் முனையை நேராக ஊன்றினால் தாங்காது. ஆகவே உடம்பின் முழுப் பாரத்தையும் தாங்கக்கூடிய இடங்களுக்கு, குறிப்பாக முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாருக்கும் பக்கவாட்டுச் சதைக்கும், பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவான சாக்கெட் வடிவம் இந்த எண்ணத்தில்தான் பிறந்தது. இன்றும் உலகின் பெரும்பாலான பட்டறைகளில் அதன் வாரிசுகளே புழங்குகின்றன. பிளாஸ்டர் அச்சு எடுத்து, அதில் சில இடங்களைச் சீவி, சில இடங்களில் பூசி, கைப்பழக்கத்தால் திருத்தி எடுக்கும் வேலை இது. இப்போது ஸ்கேனரும் உதவுகிறது. எதில் செய்தாலும் சில மில்லிமீட்டர் பிசகினால் போதும், மாலைக்குள் கொப்புளம் வந்துவிடும். செருப்புக் கடித்தால் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். சாக்கெட் கடித்தால் அந்த வழியும் இல்லை.

“செயற்கைக் கால் ரொம்பக் கனம்” என்ற பேச்சையும் இங்கேயே பார்த்துவிடலாம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள காலும் பாதமுமாக மூன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். அதற்குப் பதிலாக மாட்டும் கால் பெரும்பாலும் அதில் பாதிதான். ஆனாலும் கனக்கிறது; அது பொய்யில்லை. சொந்தக் காலை எலும்பும் தசையும் தூக்குகின்றன. இதுவோ தோலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பிடி தளர்ந்த கால் எவ்வளவு இலேசாக இருந்தாலும் இரும்பாகத்தான் தெரியும்.

இத்தனைக்கும் மிச்சக்கால் ஒரே அளவில் நிற்பதில்லை. காலையில் மாட்டியபோது கச்சிதமாக இருந்தது பிற்பகலில் லொடலொடவென்று ஆடும். அதற்காகவே பலர் பையில் சாக்கெட்டுக்குள் போடும் துணி உறைகள் இரண்டு மூன்றை வைத்திருப்பார்கள். சுருங்கச் சுருங்க ஒவ்வொன்றாகச் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். நம் சித்திரை வெயிலில் வேறொரு தொல்லை. சாக்கெட்டுக்குள் தோலை ஒட்டி மாட்டும் சிலிகான் லைனருக்குள் வியர்வை போக வழி இல்லை. அரை கிலோமீட்டர் நடப்பதற்குள் உள்ளே ஈரம் கட்டி, கால் வழுக்கத் தொடங்கும். பேருந்து நிலையத்து ஓரத்தில் ஒருவர் காலைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று கூட்டம் கூட வேண்டியதில்லை. முகம் துடைப்பது போன்ற காரியம்தான் அது.

“வலிக்கத்தான் செய்யும், போகப்போகப் பழகிடும்” என்பது நல்ல மனதோடு சொல்லப்படும் கெட்ட யோசனை. புதிதாக மாட்டும்போது அழுத்தம் தெரியும். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக வேண்டும் என்பதும் சரி. ஆனால் ஒரே இடத்தில் குத்தும் வலியும், கழற்றி வைத்து வெகுநேரமாகியும் மறையாத சிவப்பும் சாக்கெட்டில் பிழை இருப்பதன் அடையாளம். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தால் சாக்கெட் திருந்தாது, தோல்தான் கிழியும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவருக்கு வலியே தெரியாமல் போகலாம். அவர் தினமும் இரவில் கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தாக வேண்டும்.

அவசரம் இன்னொரு பக்கம். தையல் பிரித்ததும் கால் வந்துவிடும், மாட்டியதும் நடந்துவிடலாம் என்று வீட்டார் நம்புகிறார்கள். காயம் ஆற வேண்டும். வீக்கம் வடிய வேண்டும். இறுக்கக் கட்டுப் போட்டு மிச்சக்காலை ஒரு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாம் நன்றாகப் போனாலும் முதல் கால் வருவதற்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். அந்த முதல் சாக்கெட்டும் நிலையானதல்ல. முதல் ஆண்டில் தசை வற்றி மிச்சக்கால் மெலிந்துகொண்டே போவதால் மாற்ற வேண்டிவரும். “போன வருஷம்தானே கால் கொடுத்தாங்க, அதுக்குள்ள இன்னொண்ணா?” என்று கேட்பவர் இதை அறியாதவர். வளரும் குழந்தைகளுக்கோ சட்டை மாற்றுவதுபோல் கால் மாற்ற நேரும். அவர்களுக்கு எலும்பு முனையும் வளர்ந்து தோலைக் குத்தக்கூடும்.

அந்தக் காத்திருக்கும் வாரங்களில்தான் வீட்டில் பெரிய தவறு ஒன்று நடக்கிறது, அதுவும் பாசத்தால். வலியில் கிடப்பவரின் மிச்சக்காலுக்கடியில் அம்மாவோ மனைவியோ ஒரு தலையணையை வைக்கிறார்கள். இதமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கியே கிடக்கும் முழங்காலும் இடுப்பும் நாளடைவில் மடங்கிய நிலையிலேயே இறுகிப் போகின்றன. பிறகு எவ்வளவு விலையுயர்ந்த காலைக் கொண்டுவந்தாலும் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு நாளில் சில முறையாவது குப்புறப் படுக்கச் சொல்லி இயன்முறை மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான். பேட்டரி வைத்த முழங்காலைப் பற்றி வரும் செய்திகளில் நூற்றில் ஒரு பங்கு இடம் இந்தத் தலையணைக்குக் கிடைத்திருந்தால் எத்தனையோ பேர் நன்றாக நடந்திருப்பார்கள்.

எவ்வளவு நீளமாக மிச்சம் வைக்கிறார்களோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை பாதி சரி. முழங்காலைக் காப்பாற்ற முடிந்தால் எப்பாடு பட்டாவது காப்பாற்ற வேண்டும்; முழங்கால் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் முழங்காலுக்குக் கீழே, கணுக்காலை ஒட்டி வெட்டுவது பல நேரம் உதவுவதில்லை. அங்கே எலும்பைப் போர்த்தச் சதை இல்லை, இரத்த ஓட்டமும் குறைவு, பாதத்தின் கருவியைப் பொருத்தவும் இடம் பற்றாது. “டாக்டர் ஏன் இவ்வளவு மேலே எடுத்தார்” என்று ஆண்டுக்கணக்கில் புழுங்குபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த மருத்துவர் சரியாகத்தான் செய்திருப்பார்.

விலை அதிகமான கால்தான் நல்ல கால் என்ற எண்ணத்துக்கு நம் நாட்டிலேயே நல்ல மறுப்பு உண்டு. ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் பணியாற்றிய எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி, தான் ஏற்பாடு செய்த மேல்நாட்டு மாதிரிக் கால்களை நோயாளிகள் மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்புவதைக் கண்டார். அந்தக் கால்களின் மரப் பாதம் மடங்காது. பூட்ஸ் போட்டே ஆக வேண்டும். சம்மணமிட முடியாது, குத்த வைக்க முடியாது, சேற்றில் இறங்க முடியாது, கோயிலுக்குள் போக முடியாது. அங்கே கைவினைஞராக இருந்த ராம் சந்திர சர்மா, டயருக்கு ரப்பர் ஒட்டும் கடையில் கண்ட வேலையைப் பாதத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளே மரமும் நுரை ரப்பரும், வெளியே வேகவைத்துக் கெட்டியாக்கிய ரப்பர் தோலும் கொண்ட பாதம், விரல்கள் தெரியும் வடிவத்தோடு, 1960-களின் பிற்பகுதியில் உருவானது. எல்லாத் திசையிலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், நனைந்தாலும் கெடாது, வெறுங்காலோடு நடக்கலாம். 1981-இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயர் அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை. கைவேலைக்காரனுக்கு நம் நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் மரியாதை அது.

இதைச் சொன்னதும் ஜெய்ப்பூர் கால்தான் எல்லாருக்கும் உகந்தது என்று முடிவு கட்டவும் கூடாது. அது எடை கூடியது; பாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேலே உள்ள சாக்கெட் சரியில்லாமல் வாங்கிக்கொண்டு அவதிப்படுபவர்கள் உண்டு. மறுபக்கம், ஓட்டோபாக் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ‘சி-லெக்’ போன்ற கணினி முழங்கால்கள், முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர் தடுக்கி விழுவதைக் குறைக்கின்றன, படியிலும் சரிவிலும் துணிவு தருகின்றன. அது வெற்று விளம்பரமல்ல. ஆனால் அதற்கு மின்னேற்றம் வேண்டும், பழுதானால் நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். நாற்று நடுகிற ஒருவருக்கும் கணினி முன் அமர்ந்து வேலை செய்கிற ஒருவருக்கும் ஒரே கால் எப்படிச் சரியாகும்?

விலைப்பட்டியலில் வராத ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான செயற்கைப் பாதங்கள் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு அளவு பார்த்துப் பொருத்தப்படுபவை. ஷூவோடு சரியாக நிற்கும் கால், ஷூவைக் கழற்றியதும் பின்னுக்குச் சாய்க்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று நினைக்கும் நம் வீடுகளில், விருந்தாளி தயங்கி நின்றால் அது அகந்தையாக இருக்க வேண்டியதில்லை.

மெதுவாக நடப்பவரைச் சோம்பேறி என்பதும் இந்த வகைதான். முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அதே தூரத்தைக் கடக்க ஏறத்தாழக் கால் பங்கு அதிகச் சக்தியைச் செலவிடுகிறார். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அது பாதிக்கும் மேல் கூடுகிறது. உடம்பு இதைத் தானே சமாளிக்கிறது: மூச்சும் நாடித்துடிப்பும் ஏறாத அளவுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

காலை எந்நேரமும் மாட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று பலர் எண்ணுவதால், கழற்றிய நிலையில் ஒருவரைப் பார்த்தால் திடுக்கிடுகிறார்கள். இரவில் கழற்றித்தான் படுப்பார்கள். தோலுக்கும் ஓய்வு வேண்டும். ஆபத்தும் அப்போதுதான். நடு இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது, தூக்கக் கலக்கத்தில், இல்லாத காலை ஊன்றி விழுந்தவர்கள் பலர். பல ஆண்டுகள் ஆனவருக்கும் இது நேரும், ஏனென்றால் அந்தக் கால் அவருக்கு இன்னும் அங்கே இருக்கிறது.

அதைத்தான் பலர் மனப்பிரமை என்கிறார்கள். இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது, இல்லாத பாதம் முறுக்கிக்கொண்டு வலிக்கிறது என்று சொன்னால், பயத்தால் உளறுகிறான் என்றோ, வெட்டிய காலைச் சரியாகப் புதைக்கவில்லை என்றோ விளக்கம் வரும். 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே இதை எழுதிவைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல், 1871-இல் அதற்கு ‘மாய உறுப்பு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக் கலிபோர்னியாவுக்குப் போன வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதை மூளைக்குள் தேடினார். கை இழந்த சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலில் தொடு உணர்ச்சி எழுந்தது. மூளையின் உணர்வு வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, பிடித்து இறுகிய அந்த மாயக் கையை விரிக்கச் செய்தார். சில நூறு ரூபாயில் வீட்டிலேயே செய்யக்கூடிய சிகிச்சை. எல்லாருக்கும் பலிப்பதில்லை, ஆய்வு முடிவுகளும் கலவையாகவே இருக்கின்றன. வலி உண்மை என்பதில் மட்டும் மருத்துவத்தில் இன்று இரண்டு கருத்து இல்லை. மருந்தும் உண்டு. சிலருக்குச் செயற்கைக் காலை மாட்டி நடக்கத் தொடங்கியதும் குறைகிறது.

கையின் கதை முற்றிலும் வேறு. திரைப்படங்களாலும் செய்திகளாலும், செயற்கைக் கை என்றால் நினைத்தவுடன் விரல் அசைக்கும் எந்திரக் கை என்ற படம் மனதில் பதிந்துவிட்டது. அப்படிப்பட்டவை இருக்கின்றன, ஐந்து விரலும் தனித்தனியே இயங்கும் கை 2007-இல் சந்தைக்கே வந்துவிட்டது. அவை எண்ணத்தைப் படிப்பதில்லை. முன்கைத் தசை சுருங்கும்போது தோல்மீது எழும் மிகச் சிறிய மின்சாரத்தைப் படிக்கின்றன. எந்தத் தசையை எப்போது சுருக்குவது என்று கற்க மாதங்கள் ஆகும். அதே 2007-இல், கால் நூற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, மின்கையைப் பெற்ற பெரியவர்களில் 23 விழுக்காட்டினரும் குழந்தைகளில் 35 விழுக்காட்டினரும் அதைக் கைவிட்டதாகக் கணக்கிட்டது. கம்பியிழுத்து இயக்கும் கைகளில் இது இன்னும் அதிகம்: 26, 45.

கைவிட்டவர்கள் நன்றி கெட்டவர்களா? அவர்களுக்கு மிச்சமிருக்கும் அந்தக் குட்டைக் கைக்குத் தொடு உணர்ச்சி உண்டு. குழந்தையின் நெற்றிச் சூடு தெரியும், தக்காளி கனிந்திருப்பது தெரியும். அதன்மேல் விலையுயர்ந்த உறையை மாட்டினால் அந்த உணர்ச்சி போய்விடுகிறது. பிறவியிலேயே ஒரு கை இல்லாதவர்கள் ஒரு கையாலும் மிச்சக் கையாலும் வேலையை முடிக்கும் வேகத்தைப் பார்த்தால், குறை எங்கே என்று தேடத் தோன்றும். கையில்லாத தோளில் கை வேண்டும் என்ற ஆசை பல நேரம் பார்க்கிறவர்களுடையது. கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டார் பார்வைக்காக அழகுக் கை வாங்கி, பிறகு பீரோவில் வைத்துவிட்ட குடும்பங்கள் உண்டு. வேலைக்கென்றே கை மாட்டுபவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் விரும்புவது கொக்கியைத்தான். மரமறுக்கும் ஆலையில் கையை இழந்த டேவிட் டாரன்ஸ் என்ற அமெரிக்கர் 1912-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அழகில்லை, ஆனால் பிடிக்கும் பொருளை மறைக்காது, சுலபத்தில் உடையாது.

இனி வீரக் கதைகள். சுதா சந்திரன் 1981-இல் திருச்சிக்கு அருகே பேருந்து விபத்தில் சிக்கிக் காலை இழந்தார். 1984-இல் ஜெய்ப்பூர் காலோடு மேடையில் பரதம் ஆடினார். ‘மயூரி’ தெலுங்குப் படத்தில் தன் கதையில் தானே நடித்தார். 2011-இல் ஓடும் ரயிலிலிருந்து தள்ளப்பட்டுக் காலை இழந்த அருணிமா சின்ஹா 2013-இல் எவரெஸ்ட்டில் ஏறினார். ஆஸ்கர் பிஸ்டோரியஸ் செயற்கைக் கால்களோடு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடினார். இவை நடந்தவை, பெருமைக்குரியவை. ஆனால் பார்ப்பவர் நினைவில் நிற்பது விபத்தும் மேடையும். இடையில் கிடந்த ஆண்டுகள் உதிர்ந்துவிடுகின்றன. பிஸ்டோரியஸ் மாட்டிய வளைந்த கார்பன் தகடு ஓடுவதற்கு மட்டுமானது. அதற்குக் குதிகால் கிடையாது; அதை மாட்டிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிடம் அசையாமல் நிற்க முடியாது. அந்தத் தகடு மற்ற வீரர்களைவிடக் கூடுதல் பலம் தருகிறது என்று சொல்லி முதலில் அவரைத் தடுத்தார்கள். 2008-இல் விளையாட்டு நடுவர் மன்றம் அது நிரூபிக்கப்படவில்லை என்று தடையை நீக்கியது. வியப்பு எல்லை மீறினால் பொறாமையாகவும் மாறும் என்பதற்கு அந்த வழக்கு உதாரணம்.

மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள் இந்த நாயகர்களைப் போல இளைஞர்களாகவே இருப்பதும் இல்லை. சர்க்கரையாலும் இரத்தக் குழாய் அடைப்பாலும் காலைக் கொடுத்த நடுத்தர வயதினரும் முதியவர்களும் அங்கே ஏராளம். கண் மங்கலாக இருக்கும், இதயம் பலவீனமாக இருக்கும், மற்றொரு காலும் ஆபத்தில் இருக்கும். அவர்களிடம் எவரெஸ்ட் கதையைச் சொல்வது ஊக்கமாகாது. அவர்களில் சிலருக்குச் சக்கர நாற்காலியே நல்ல முடிவு. வீட்டுக்குள் பத்தடி நடக்க ஒரு காலும் வெளியே போக நாற்காலியும் வைத்துக்கொள்பவரைத் தோற்றவராக நினைக்க ஒரு காரணமும் இல்லை.

“நல்லாத்தானே நடக்கிறார், இவருக்கு எதுக்குச் சலுகை?” என்ற கேள்வி பேருந்தின் ஒதுக்கீட்டு இருக்கையில் அடிக்கடி எழுகிறது. ஊனத்தின் அளவை மருத்துவக் குழு மதிப்பிடுவது உறுப்பு எந்த மட்டத்தில் போனது என்பதை வைத்துத்தான். மாட்டிய காலால் எவ்வளவு அழகாக நடக்கிறார் என்பதை வைத்தல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் இட ஒதுக்கீட்டுக்கும் திட்டங்களுக்கும் உரிமை உண்டு. எதிர்ப்பக்கத்துச் சங்கடம் விமான நிலையத்தில். ஒவ்வொரு முறையும் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று சுதா சந்திரன் 2021 அக்டோபரில் பிரதமருக்கே காணொளி வெளியிட்டார். பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. அந்த டிசம்பரில், இப்படிக் கழற்றச் சொல்வது மனித மாண்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது.

கடைசியாக, ‘கொடுத்தாயிற்று’ என்ற எண்ணம். முகாம் போட்டு ஒரே நாளில் அளவெடுத்து, மாட்டி, படம் எடுத்து அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. அதை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. கூலி வேலையை விட்டுவிட்டு நகரத்தில் வாரக்கணக்கில் தங்க முடியாதவருக்கு அந்த ஒரு நாள்தான் கிடைக்கிற வாய்ப்பு. ஆனால் நடக்கப் பயிற்சி இல்லாமல், ஆறு மாதத்தில் சாக்கெட் தளரும்போது யாரிடம் போவது என்று தெரியாமல் கொடுத்த கால்கள் பரணுக்குத்தான் போகின்றன. இந்த வகையில் இலங்கையின் வடக்கிலிருந்து கற்க ஒன்று உண்டு. போர்க்காலத்தில், 1987-இல், யாழ்ப்பாணத்திலேயே தொடங்கிய ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் இன்றுவரை அங்கேயே கால் செய்கிறது, அங்கேயே பழுது பார்க்கிறது. கண்ணிவெடியில் காலை இழந்த ஒருவர் சைக்கிளை மிதித்தாக வேண்டும், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தாக வேண்டும். பெல்ட் அறுந்தால் அதே வாரம் தைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். கார்பன் தகடு உடைந்தால் கப்பலில்தான் வர வேண்டும். அலுமினியத் தகட்டைத் தட்டி நிமிர்த்தவும், பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி வளைத்துத் திருத்தவும் உள்ளூர்ப் பட்டறையில் ஒரு கைகாரர் போதும்.